யாரும் படுக்காத மெத்தை

பெற்ற பெண்ணைப் பார்க்கப் போகிறவன் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டுப் போவான். சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்குகிறான் என்றால் அவன் பார்க்க நினைப்பது பெண்ணை இல்லை, வேறு எதையோ. மெத்தைக்காரருக்கு இது தெரியாதா என்ன? தெரிந்துதான் விடிகாலையில் பஸ் ஏறி, ஆறு மணி நேரம் குலுங்கி வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத் தெருவில் கையில் ஒரு துணிப்பையோடு தூறலில் நின்றுகொண்டிருந்தார்.

எல்லாம் அவர் வீட்டுக்காரி மூட்டிவிட்டது. பஞ்சு பிரித்துப் போடுவது அவள் வேலை, மெத்தை தைப்பது அவர் வேலை. எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க ஒரே பேச்சு.

"ஒண்ணரை வருஷமா நம்ம வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்கல உங்க பொண்ணு. கேட்டா டூட்டி. ஊர்ல இருக்கற நோயாளியெல்லாம் இவ ஒருத்தியை நம்பியா படுத்திருக்கான்? போன்ல முகத்தைக் காட்டுடின்னா ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு காட்டறா. ரூமைக் காட்டுடின்னா நெட்டு இல்லங்கறா. எனக்கு மனசு சரியில்லீங்க. எவனோ இருக்கான்."

"வாயைக் கழுவுடி" என்று அதட்டினார். அதட்டினாரே தவிர, அன்று முழுக்க ஊசி அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு மெத்தையின் ஓரத்தைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டியதாகிவிட்டது. ராத்திரி சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார். அப்படி எவனாவது இருந்தால் கையோடு பெட்டியைக் கட்டி அழைத்து வந்துவிடுவது, கடைசி வருஷமாவது படிப்பாவது என்று இரண்டு பேருமாகப் பேசி முடித்தார்கள். டாக்டருக்குப் படிக்கிற ஒரே பெண்ணின் ஐந்து வருஷ உழைப்பு இரண்டு வாய்ச் சோற்றுக்கு நடுவில் முடிவாகிவிட்டது.

அந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே குடும்பம் நடத்துகிற வீடு என்று ஒன்று இரண்டு இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் ரூம் ரூமாகத் தடுத்து டாக்டர் பிள்ளைகளுக்கு விட்டது. காலேஜ் வேறு ஊரில். கடைசி வருஷத்தில் இந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இரண்டு மாசம் குழந்தை வார்டு, இரண்டு மாசம் பிரசவ வார்டு என்று சுற்ற விடுவார்கள். எங்கே தங்குவாய், எதைத் தின்பாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளைக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மழை பிடித்த நாலு நாளில் ஒன்றும் காய்ந்தபாடில்லை.

வீட்டுக்காரம்மா வாசலில் மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். மெத்தைக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யார் வேணும்?"

"மாடி ரூம் பொண்ணோட அப்பாங்க."

"மாடியில நாலு பொண்ணுங்க. எது?"

"ஒல்லியா, உயரமா..."

"எல்லாம் ஒல்லிதான். தின்னாத்தானே? காலையில ரொட்டி, ராத்திரி ரொட்டி. நடுவுல டீ."

"எட்டு மாசத்துக்கு முன்னாடி லாரி ஆபீஸ்லேந்து ஒரு மெத்தை வந்து இறங்கிச்சே, அந்தப் பொண்ணு."

"ஓ, மெத்தைப் பொண்ணா!" வீட்டுக்காரம்மா மாப்பைச் சுவரில் சாய்த்தார். முகமே மாறிவிட்டது. "அப்பான்னு நான் எப்படி நம்பறது? போன வருஷம் இப்படித்தான் ஒருத்தன் சித்தப்பான்னு வந்தான். சித்தப்பாவுக்கு மீசைகூடச் சரியா முளைக்கல."

மெத்தைக்காரர் போனை எடுத்து, பெண்ணோடு நிற்கிற போட்டோவைத் தேடிக் காட்டினார். அந்தம்மா போனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். மூக்கு ஒத்துப்போயிருக்க வேண்டும்.

"உட்காருங்க. நீங்களே வந்தது நல்லதாப் போச்சு. நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஐயா, மனசைத் தேத்திக்கிட்டுக் கேளுங்க. உங்க பொண்ணு ராத்திரியில இங்க தங்கறது இல்லை."

மெத்தைக்காரர் துணிப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "டூட்டி இருக்கும்மா அவளுக்கு" என்றார்.

"டூட்டி எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா டாக்டர் புள்ளைங்களைக் கட்டி மேய்க்கறேன். நாலு நாளைக்கு ஒரு ராத்திரி டூட்டி. மத்த மூணு ராத்திரி? காலையில ஆறரைக்கு வருவா, குளிப்பா, போயிடுவா. சாயங்காலம் வந்தா ரூமுக்குள்ள உட்காரமாட்டா. இதோ இந்தப் படியில உட்கார்ந்து புஸ்தகத்தைப் படிப்பா. எட்டு மணி அடிச்சா பையைத் தோள்ல மாட்டிக்குவா. எங்கம்மா கிளம்பிட்டன்னு கேட்டா ஒரு சிரிப்பு. கேள்வி கேட்டா சிரிக்கிற பொண்ணை நான் நம்பறதே இல்லை."

"யாராவது கூட்டிட்டுப் போக வருவாங்களா?"

"தெருவுக்குள்ள யாரும் வரல. தெரு முனையில யார் நிக்கறான்னு நான் பார்க்க முடியுமா? ஆனா ஒண்ணு. வீட்டைவிட்டு வெளியில தூங்கற பொண்ணு எனக்கு வேண்டாம். இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிடுவேன். தப்பா நினைக்காதீங்க."

இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அவர் நினைத்ததும் அதேதானே.

இரும்புப் படி ஏறி மேலே போனார். இரண்டு பேர் புழங்கக்கூடிய அறையில் நாலு கட்டில். நடுவில் ஒருக்களித்து நடந்தால்தான் வழி. தலைக்கு மேலே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. அது கசிந்து கசிந்து சுவரில் தோள் உயரத்துக்கு ஈரம் இறங்கி, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. கயிற்றில் ஈரக் கோட்டுகள். குளியலறைக் கதவில் யாருக்கு எத்தனை மணி என்று ஒட்டிய தாள். ஒரு கட்டிலில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி கோட்டைக்கூடக் கழற்றாமல் அடித்துப்போட்டமாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஓரத்துக் கட்டிலில் அவருடைய மெத்தை. மற்றவர்களுக்கு வேண்டுமானால் அது வெறும் மெத்தை. அவர் கையால் தைத்தது அவருக்குத் தெரியாதா? நல்ல பஞ்சாகப் பொறுக்கி, இரண்டு தரம் பிரித்து, மகள் முதுகு நோகக்கூடாது என்று இடுப்புப் பக்கம் ஒரு பிடி கூடுதலாக வைத்து அடைத்தது. மேலே விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. விரிப்பைத் தூக்கினார். அடியில் கனமான பிளாஸ்டிக் தாள் போட்டு நாலு பக்கமும் டேப் ஒட்டியிருந்தது. ஒரு ஓரத்தைப் பிரித்துக் கையை உள்ளே விட்டு அமுக்கிப் பார்த்தார்.

ஒருவர் படுத்த மெத்தை பத்தே நாளில் பேசும். இடுப்பு விழுந்த இடம் தாழும், தோள் விழுந்த இடம் தாழும், ஒருக்களித்துப் படுக்கிறவரா மல்லாந்து படுக்கிறவரா என்றுகூட அவர் சொல்லிவிடுவார். இதில் ஒன்றும் இல்லை. நூல் முடிச்சுகள் அன்றைக்கு அவர் போட்டபடியே நிமிர்ந்து நின்றன. எட்டு மாசத்தில் பத்து நாள்கூட இதில் யாரும் படுத்திருக்கவில்லை. 'வீட்டுக்காரம்மா சொன்னது பொய்யில்லை' என்று நினைத்துக்கொண்டார். பிரித்த டேப்பை மறுபடி ஒட்டப் பார்த்தார்.

பிளாஸ்டிக் சரசரத்ததில் கண்ணாடிப் பெண் விழித்துவிட்டாள்.

"யாரு? ஐயோ, அங்கிள்! நீங்களா? வர்றேன்னு சொல்லவே இல்லையே அவ."

"அவளுக்கே தெரியாதும்மா. நீ தூங்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவ இங்கதானே படுக்கறா?"

"ஆமா அங்கிள். இங்கதான். இதே கட்டில்தான்."

"இந்த மெத்தையிலயா?"

"சூப்பர் மெத்தை அங்கிள். நல்லாத் தூங்குவா."

பொய். இந்த வயசில் எவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்கிறது பார் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. "பிளாஸ்டிக் எதுக்கும்மா?"

"அது... மேல டேங்க் ஒழுகும் அங்கிள்."

"நேத்து ராத்திரி எங்க இருந்தா?"

"டூட்டி."

"முந்தாநாள்?"

"அன்னிக்கும் டூட்டி... இல்ல, அன்னிக்கு என் டூட்டி. அவ..." அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். "அங்கிள், நான் தூக்கக் கலக்கத்துல பேசறேன். நீங்க அவகிட்டயே கேளுங்களேன்."

"கேக்கத்தான் வந்திருக்கேன். அவ இருக்கற இடத்துக்குக் கூட்டிட்டுப் போ."

மூன்று நிமிஷ நடைதான். அதற்குள் அந்தப் பெண் முன்னால் போகிற சாக்கில் போனைத் தட்டிக்கொண்டே போனாள். அதையும் மெத்தைக்காரர் பார்த்தார். எவனையோ ஓடிப்போகச் சொல்லி எச்சரிக்கை போகிறது என்று முடிவே கட்டிவிட்டார். சந்தேகம் வந்துவிட்டால் மனுஷனுக்கு மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது! இதில் பாதி வேகம் நல்ல காரியத்துக்கு இருந்தால் அவர் இந்நேரம் நாலு கடை வைத்திருப்பார்.

கண் நோயாளிகளைப் பார்க்கிற பகுதி மத்தியானம் ஒரு மணியோடு முடிந்துவிடும். வராந்தா காலியாகக் கிடந்தது. கோடியிலிருந்து மகள் வேகமாக வந்தாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அப்பா! என்னப்பா, அம்மாவுக்கு ஏதாவதா?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்லை. நீ எங்க தூங்கற?"

அவள் தோழியைப் பார்த்தாள். தோழி கண்ணாடியைத் தரையைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு, "நான் கிளம்பறேன்" என்று நழுவிவிட்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். ராத்திரியில எங்க தூங்கற? யார்கூட இருக்க?"

"யார்கூடவா?" அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "அதுக்குத்தான் வந்தியா? அதுக்குத்தான் சொல்லாமக்கொள்ளாம வந்தியாப்பா?"

"பேச்சை மாத்தாதே. மெத்தையை அமுக்கிப் பார்த்துட்டுத்தான் வர்றேன். யாரை ஏமாத்தற? என் தொழில்ல என்கிட்டயே."

அவள் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துப் பக்கத்து அறையைத் திறந்தாள். சின்ன அறை. பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக அச்சடித்த அட்டை சுவரில் தொங்கியது. ஒரு ரெக்ஸின் பெஞ்சு, நோயாளியைப் படுக்க வைத்துப் பார்க்கிறது. மூலையில் அவளுடைய பை, சோப்பு டப்பா, பாலிதீன் உறையில் சுற்றி வைத்த ஒரு போர்வை.

"இங்கதான் தூங்கறேன். எட்டு மாசமா. பெரிய சிஸ்டருக்கு மட்டும் தெரியும், அவங்கதான் சாவி கொடுத்தாங்க. எட்டரைக்குப் பூட்டிட்டுப் படுப்பேன், ஆறு மணிக்குப் பெருக்க வருவாங்க, எழுந்திருப்பேன். தேடிப் பாரு, பெஞ்சுக்கு அடியிலயும் பாரு, எவனாவது இருக்கானான்னு."

மெத்தைக்காரர் பெஞ்சைப் பார்த்தார். ஒன்றரை அடி அகலம் இருக்கும். புரண்டால் கீழேதான். "கட்டிலும் மெத்தையும் இருக்க, இதுலயா?" என்றார். "ஏம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் இருமல் வந்தது. இரண்டு இருமலில் நின்றுவிடும் என்று அவர் நினைத்தார். நிற்கவில்லை. உள்ளே எதுவோ விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பையிலிருந்து சின்ன பம்பு மாதிரி ஒன்றை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சி, மூச்சை நிறுத்தி, விட்டாள். மறுபடி உறிஞ்சினாள். அவர் பதறிப்போய்க் கிட்டே போனார். அவள் கையை நீட்டி அவரை அங்கேயே நிற்கச் சொன்னாள்.

"அங்கேயே இருப்பா. ஜன்னல் பக்கம் நில்லு. உன் சட்டையில இருக்கு."

"என்ன இருக்கு?"

"பஞ்சு."

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். தோளிலும் பாக்கெட் ஓரத்திலும் வெள்ளை வெள்ளையாக நூலும் தூசியும். அவருக்கு அது சட்டையோடு சேர்ந்தது. நாற்பது வருஷத்தில் ஒரு நாளும் அதை அழுக்கு என்று அவர் நினைத்ததில்லை.

"மெத்தை வந்த மூணாவது நாளே என்னைத் தூக்கிட்டு ஓடிவந்தாங்கப்பா, இப்ப உன்னோட வந்தாளே, அவதான் தூக்கிட்டு வந்தா. மூச்சு நின்னுபோச்சு. அந்த ரூம் ஈரம், அதுல பஞ்சு. ஈரம் ஏறினா பஞ்சுக்குள்ள பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் போட்டு மூடிப் பார்த்தேன், சரிப்படல. அந்த ரூமுக்குள்ள அரைமணி நேரத்துக்கு மேல என்னால இருக்க முடியாது."

"அட, தூக்கி எறிய வேண்டியதுதானே! மெத்தை பெருசா, நீ பெருசா?"

"எறிஞ்சேனே! வாட்ச்மேனுக்குக் கொடுத்துட்டேன். மறுநாளே நீ போன் பண்ணின. மெத்தையை வெயில்ல போட்டியா, முடிச்சு எதுவும் அவிழலையே, இடுப்புப் பக்கம் கூடுதலாப் பஞ்சு வச்சேனே, தெரியுதான்னு ஒவ்வொண்ணாக் கேட்ட. நல்லாத் தூங்கறேம்ப்பான்னு சொன்னேன். நீ போன்ல சிரிச்ச. போனை வச்சுட்டு நேராப் போய் வாட்ச்மேன்கிட்டக் கெஞ்சித் திரும்ப வாங்கிட்டு வந்துட்டேன். ஊர்ல இருக்கற நோயாளிக்கெல்லாம் மெத்தையை மாத்துங்க, தலையணையை மாத்துங்கன்னு வாய் கிழியச் சொல்றேன். உன்கிட்டச் சொல்ல வாய் வரல."

மெத்தைக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாரம் தவறாமல் அவர் போனில் கேட்கிற முதல் கேள்வி அதுதான். சாப்பிட்டியா என்றுகூட அதற்கு அப்புறம்தான்.

அப்போதுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. அந்த ரூமில் ஒரு மெத்தைதான். அவர் வீட்டில்? முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கூடத்தில் பஞ்சு மூட்டை, சமையலறை வாசல்வரை பஞ்சு, சோற்றுத் தட்டில்கூட நூல் மிதக்கும்.

"அப்ப... நீ வீட்டுக்கு வராதது?"

அவள் பம்பை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"சொல்லும்மா."

"சின்ன வயசுல எனக்கு எப்பவும் இழுப்பு வருமே, ஞாபகம் இருக்காப்பா? ஐஸ் தின்னாதே, மழையில நனையாதேன்னு அம்மா அடிப்பா. ஹாஸ்டலுக்கு வந்த ஆறு மாசத்துல நின்னுபோச்சு. அங்க தண்ணி ஒத்துக்கிச்சுன்னு நினைச்சேன். மூணாவது வருஷம் கிளாஸ்ல நடத்தினாங்க. பஞ்சு வேலை செய்யறவங்க, அந்த வீட்டுக் குழந்தைங்கன்னு. எனக்குக் காது அடைச்சுப்போச்சு. கடைசியா வந்தேனே, ரெண்டாம் நாள் ராத்திரி முழுக்க வாசல்ல உட்கார்ந்திருந்தேன். நீங்க ரெண்டு பேரும் தூங்கிட்டிருந்தீங்க. விடிஞ்சதும் டூட்டின்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்."

பள்ளிக்கூடம் விட்டால் பெண் நேரே லைப்ரரிக்குத்தான் போவாள், அடைத்துத் துரத்தினால்தான் வீட்டுக்கு வருவாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மெத்தைக்காரர் பெருமையடித்ததுண்டு. என்ன படிப்பு, என்ன படிப்பு என்று ஊரே மூக்கில் விரல் வைத்தது. பிள்ளை மூச்சுவிடத்தான் போயிருக்கிறாள். வராந்தாவில் யாராவது போகிறார்களா என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டார்.

"சொல்லியிருக்கலாமேம்மா. ஒரு வார்த்தை."

"சொன்னா நீ கடையை மூடிடுவ. அம்மாவும் நீயும் என்ன பண்ணுவீங்க? வேற என்ன தொழில் தெரியும் உனக்கு?" அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். அவர் பக்கம் ஓரடி வைத்தாள். இந்தத் தடவை அவர்தான் கையை நீட்டித் தடுத்தார்.

"வராதே, வராதே. அங்கேயே இரு. நான் உன் மேல சந்தேகப்பட்டேன்மா. உங்கம்மாவும் நானும். தப்பும்மா."

"விடுப்பா. நானும்தானே பொய் சொன்னேன்."

"பரீட்சை எப்ப முடியுது?"

"ரெண்டு மாசம் இருக்கு."

"முடிஞ்சதும் ஒரு பத்து நாளாவது வரணும். எப்படி வர்றது, எங்க இருக்கறதுன்னு நான் யோசிக்கறேன். வர்றியா?"

தலையை ஆட்டினாள். அறையின் இந்தக் கோடியில் அவளும் அந்தக் கோடியில் அவருமாகக் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார்கள். அப்புறம் வார்டிலிருந்து அவளுக்குப் போன் வந்தது.

மெத்தைக்காரர் தனியாகத் தெருவுக்குத் திரும்பிப் போய், மெத்தையைச் சுருட்டிக் கட்டித் தோளில் சுமந்து இறக்கினார். வீட்டுக்காரம்மா படிக்குக் கீழேயே காத்திருந்தார்.

"என்ன ஐயா, கூட்டிட்டுப் போறீங்களா? யாரு பையன்?"

"பையனும் இல்லை, பொட்டலமும் இல்லை. அவளுக்கு மூச்சு இழுப்பு. உங்க ரூம் ஈரமும் என் மெத்தையும் சேர்ந்து அவளை ஆஸ்பத்திரிக்குத் துரத்தியிருக்கு. மெத்தையை நான் எடுத்துட்டேன். ஈரத்தை நீங்க எடுங்க. தொட்டியை அடைக்காம நான் ஊருக்குப் போகமாட்டேன்."

"நிஜமாவே யாரும் இல்லையா?" அந்தம்மாவுக்கு நம்புவதற்கு மனசே வரவில்லை. மெத்தைக்காரர் முறைத்த முறைப்பில்தான் குழாய் வேலைக்காரருக்குப் போன் போட்டார். தொட்டியின் அடியில் விரிசலைப் பூசி முடிக்கிறவரை மெத்தைக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் மெத்தைக் கட்டோடு உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்காரியின் போன் வந்தது. காலையிலிருந்து அது பதினாலாவது தடவை.

"ஏன் எடுக்கவே மாட்டேங்கறீங்க? உசிரே போகுது எனக்கு. பார்த்தீங்களா? எவனாவது இருக்கானா?"

"இருக்கான்."

"ஐயோ! நான் சொல்லல? யாருங்க அவன்?"

"நான்தான்டி."

பைத்தியம் பிடித்துவிட்டதா என்று அவள் கத்தினாள். அவர் ஒன்றொன்றாகச் சொன்னார். பெஞ்சைச் சொன்னார், வாட்ச்மேனைச் சொன்னார், லைப்ரரியைச் சொன்னார். வாசலில் விடியவிடிய உட்கார்ந்திருந்ததைச் சொல்லும்போது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"கேக்கறியா? நம்ம தெருவை விட்டுத் தள்ளி ஒரு ரூம் வாடகைக்கு விசாரி. ஈரம் இருக்கக்கூடாது, பெரிய ஜன்னலா இருக்கணும். கட்டில் மட்டும் போதும்."

"யாருக்கு?"

"நம்ம பொண்ணுக்கு. பரீட்சை முடிஞ்சு பத்து நாள் வர்றா."

"சொந்த வீடு இருக்க, பெத்த பொண்ணை வாடகை ரூம்லயா விடறது?"

"அவ நம்மகிட்ட வரணும்னா வேற வழியில்லடி."

வீட்டுக்காரி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க, நான் தலைக்குக் குளிச்சுட்டு, கடைக்குள்ளயே கொண்டுபோகாத புதுத் துணியாக் கட்டிக்கிட்டு வந்தா, அந்த ரூம்ல அவ பக்கத்துல படுத்துக்கலாமா?"

படுக்கலாமா கூடாதா என்று மெத்தைக்காரருக்குத் தெரியவில்லை. "நம்ம டாக்டரம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்றார்.